புல் நிற்கும் மாதங்கள்

கார்த்திகை

ஓசூரில் வீடு கட்டிக் குடிவருகிறவர்களுக்கு ஒரு நப்பாசை உண்டு. இது குளிர்ந்த ஊர், இங்கே சீமைப் புல் வரும் என்று நினைக்கிறார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்த கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெருமிதத்தில் ஆன்லைனில் விதை வாங்கிவிடுகிறார்கள். உறையின் மேல் கென்டக்கி ப்ளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரை என்று பெயர்கள் இருக்கும். பச்சைச் சரிவில் வெள்ளை வீடு நிற்கிற படமும் இருக்கும்.

அந்த விதை முளைக்காது என்பதில்லை. கார்த்திகையில் தூவினால் பத்து நாளில் முளைத்துவிடும். தை முழுவதும் பட்டாகத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள், என்ன ரகம் என்று. குளிர்நாட்டுப் புல்லுக்கு 15 முதல் 24 டிகிரி வரை சுகமான சூடு, நம் ஊர்ப் பனிக்காலப் பகல்கள் அதை ஒட்டித்தான் இருக்கும். மாசி கடைசியில் நுனி மஞ்சளாகும். சித்திரையில் வெயில் 35ஐத் தொடும்போது செம்மண்தான் மிஞ்சும்.

இங்கே நிலைப்பது வெயிலில் விளையும் புல். அருகு, அதிலிருந்து தேர்ந்தெடுத்த பெர்முடா ரகங்கள், நர்சரியில் கார்ப்பெட் என்று சதுரமாக வெட்டி விற்கும் கொரியன் புல், கொஞ்சம் நிழலைத் தாங்கும் அகல இலை எருமைப்புல். இவற்றுக்கு 27 முதல் 35 டிகிரி வரை வேண்டும். ஆக, மனிதருக்குக் குளுகுளுவென்றிருக்கும் இந்த ஊர், புல்லின் கணக்கில் வெயில் நாடுதான். நடுவே இரண்டு மாதம் குளிர் வந்து போகிறது.

செப்டம்பரில் விதை தூவு, அக்டோபரில் உரமிடு, இலையுதிர்ந்ததும் வாரியெடு, ஏப்ரலில் கீறிவிடு என்று குளிர்நாட்டுக் கையேடுகள் ஒரு நாள்காட்டி தருகின்றன. அந்த நாட்டுக்கு அது சரி. பனியும் உறைமண்ணும் வருவதற்குள் வேர் தேற வேண்டும். அவர்கள் கையேட்டிலிருந்து எனக்கு எடுத்துக்கொள்ளக் கிடைத்தது ஒரே ஒரு வரி: புல் தானாக வளர நினைக்கும் காலத்தில் மட்டும் அதற்குச் சோறு போடு. மாதங்களின் பெயர்களை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மார்கழி

விடியற்காலையிலிருந்து எட்டு மணிவரை புல் வெள்ளையாக இருக்கிறது. பனித்துளிதான், உறைபனி இல்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கும் நாள்கள் உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்கின்றன. முதல் ஷிப்ட் பஸ்கள் மூடுபனிக்குள்ளிருந்து திடீரென்று முளைக்கின்றன.

புல் வளர்வதை நிறுத்திவிட்டது. கார்த்திகையில் வெட்டிய உயரத்தில் அப்படியே நிற்கிறது. சில இடங்களில் நுனி சிவந்திருக்கிறது, அருகு குளிரில் அப்படித்தான் சிவக்கும். இரும்புச் சத்துக் குறை என்று நினைத்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரும் ஏதாவது தருவார்.

மாதத்துக்கு ஒருமுறை புல் பார்க்க வருகிற பெரியவர் மத்திகிரிப் பக்கத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நம்மிடம் தமிழ். யூரியா போடலாமா என்று கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான். “இப்பப் போட்டா பூஞ்சைக்குத்தான் சாப்பாடு சார். புல்லு சாப்பிடாது.” அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. வேர் குளிர்ந்த மண்ணில் சோம்பிக் கிடக்கும்போது போடுகிற தழைச்சத்தை அது உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சமும் மெல்லிய, நீர் கோத்த இலையாகிறது. ஈரம் இரவெல்லாம் அந்த இலைமேல் தங்குகிறது. பழுப்பு வட்டங்கள் வருவது அந்த வழியில்தான். இந்த மாதத்தில் மாலை நேரத்தில் தண்ணீர் விடுவதும் அதே வேலையைச் செய்யும். விடுவதென்றால் வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு.

ஆக மார்கழியின் வேலை, வேலை செய்யாமல் இருப்பது. அது எளிதாக இல்லை. மிஷினை எடுத்துத் துடைக்கிறேன், பிளேடைத் தீட்டக் கொடுத்து வாங்குகிறேன், திரும்பவும் மூடி வைக்கிறேன். பனி உலரும்முன் புல்லில் நடக்காமல் இருப்பது ஒரு நல்ல விரதம். நனைந்த செம்மண் காலடியில் இறுகும், இறுகிய இடத்தில் தையிலும் மாசியிலும் கோரைதான் முதலில் வரும்.

இதே மாதத்தில் அமுதகொண்டப்பள்ளியில், பாகலூர் பக்கத்தில், பசுமைக்குடில்களுக்குள் ரோஜாக்களுக்கு ஓய்வே இல்லை. பிப்ரவரி 14 சந்தைக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் கவாத்து செய்ய வேண்டும். பிளாஸ்டிக் கூரைக்குள் பகல் சூட்டைப் பிடித்து வைத்து, சொட்டுநீரில் உரத்தைக் கரைத்து ஊட்டி, தேதிக்கு மொட்டெடுக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே பனி. குடிலுக்குள் செடி தேதிக்கு வேலை செய்கிறது. வெளியே புல் பனிக்கு நிற்கிறது. இரண்டில் எது உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ரோஜாவில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

உண்மையான குளிரில் புல் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிக்குத்தான் போக வேண்டும். 1848ல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வடிவமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளி 2,200 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. அங்கே உறைபனி இறங்கும். விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கரைக்கிறார்கள், வெயில் பட்டுப் புல் கருகுவதற்குள். பூச்செடிகள்மேல் கோத்தகிரி மிலார் தழையை மூடி வைக்கிறார்கள். நீலகிரியில் எங்கும் பரவியிருக்கும் கிக்குயு புல்லும் சொந்த ஊர்க்காரன் இல்லை, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்தது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்னால் அந்தப் புல்வெளிக்குள் ஆளை விடாமல் அடைத்துவிடுவார்கள். ஒரு சர்க்கார் பூங்கா, சீசன் வருமானத்துக்கு நடுவிலேயே, புல்லுக்கு லீவு கொடுக்கிறது.

தை

ஒன்றும் எழுத இல்லை. வட்டமாகச் சாணம் தெளித்துக் கோலம் போட்ட இடத்தில், வாசலோரம், புல் கொஞ்சம் கருத்த பச்சையாகத் தெரிகிறது.

பங்குனி

சந்திரசூடேஸ்வரர் தேர் ஓடி முடிந்ததும் வெயிலின் குணம் மாறும். தேர்ப்பேட்டையில் கடைகளைப் பிரிக்கும்போதே பகல் காற்று வறண்டுவிடும். புல் மெல்ல அசைகிறது. முதல் வெட்டு இந்த மாதத்தில்தான். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி. அதற்கு மேல் எடுத்தால் புல் வேரிலிருந்து கடன் வாங்கி இலை விடும், அந்தக் கடன் சித்திரையில் வந்து நிற்கும்.

மிஷினைத் தள்ளும்போது பட்டனின் கதை நினைவுக்கு வருகிறது. எட்வின் பியர்டு பட்டன் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்து மெக்கானிக். அது கம்பளி மில்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. நெய்த கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒரே உயரத்துக்குச் சீவ, உருளையில் வளைந்த கத்திகள் பொருத்திய மெஷின் அங்கே இருந்தது. அதை அவர் தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்தார். 1830ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் புல்வெளி என்றால் அரிவாள் பிடிக்க ஆள்பட்டாளம் வைத்திருக்கிற பிரபுவுக்கு மட்டும், அல்லது ஆடு மேய்க்கிறவனுக்கு. அவர் மிஷினுக்குப் பிறகுதான் சாதாரண வீட்டு முற்றத்திலும் ஒரே மட்டமான புல் என்கிற ஆசை குடியேறியது.

ஓசூரில் இதை நினைக்கப் பொருத்தமான இடங்கள் நிறைய. சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து, மானாவாரிக் கேழ்வரகு மேடுகள் ஷெட்டுகளான ஊர் இது. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது புல்தரை, நடுவில் கொடிக்கம்பம். அதற்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறார்கள், கான்ட்ராக்ட் ஆள்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அசெம்ப்ளி லைனில் மூன்று ஷிப்டு நின்ற மனிதன் வெளியே வரும்போது பார்க்கிற பச்சை அது. வீடு கட்டும்போது அவன் கேட்பதும் அதையே. தள்ளித்தள்ளி யோசித்தால், ஆலையில் பிறந்த மிஷின் ஆலையோடுதான் இங்கேயும் வந்திருக்கிறது.

வெட்டிய துணுக்குகளை வாருவதில்லை. சிறிதாக வெட்டினால் தரையிலேயே மக்கி, எடுத்த தழைச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். எறும்பும் மண்புழுவும் கூலியில்லாமல் வேலை செய்கின்றன.

சித்திரை

இந்த மாதத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

புல்தரைக்கு வாரத்துக்கு ஒரு அங்குலம் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு அது இரண்டாயிரத்து முந்நூறு லிட்டருக்கு மேல் வரும். பதினோரு, பன்னிரண்டு பெரிய டிரம். இந்த மாவட்டத்தில் போர்வெல்கள் வருடா வருடம் கீழே போய்க்கொண்டிருக்கின்றன. பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருக்கிறது, பல்லில் பழுப்புக் கறை கொண்ட ஒரு தலைமுறையே உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கலிலிருந்து காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். 2013ல் திறந்த திட்டம். அந்தக் குழாய் தண்ணீரைப் புல்லுக்கு விடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வடக்கே பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது நுரை மலைபோல் எழும்புகிறது. பார்க்கத் தண்ணீர் நிறைய இருக்கிற ஊர்தான்.

ஆனால் அருகுக்கு ஒரு வித்தை தெரியும். தண்ணீர் இல்லையென்றால் அது இலையைக் கைவிட்டுவிட்டு மண்ணுக்குள் இருக்கும் கொடித்தண்டில் உயிரை ஒதுக்கிக்கொள்ளும். மேலே வைக்கோல் நிறம், கீழே கணு பச்சையாகவே இருக்கும். கிள்ளிப் பார்த்தால் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அரை அங்குலம் மட்டும், கணு செத்துவிடாத அளவுக்கு விட்டால் போதும். மார்கழியில் குளிருக்கு நின்ற புல் சித்திரையில் வறட்சிக்கு நிற்கிறது. வருடத்தில் இரண்டு தடவை நிற்கும் உயிரைப் பன்னிரண்டு மாதமும் பச்சையாக இரு என்று கட்டாயப்படுத்துவது யாருடைய ஆசை என்று கேட்டுக்கொள்ளலாம். வெயில் தெரியாத நாட்டுப் படத்திலிருந்து எடுத்த ஆசை அது.

கொரியன் புல்லுக்கு இந்தப் பொறுமை அருகைவிடக் குறைவு. நட்டவர்கள் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதை வாங்கும்போது கடையில் இதைச் சொல்வதில்லை.

பாத்திரம் அலசிய தண்ணீர், சோப்பு அதிகமில்லாமல், வேப்பமரத்தைச் சுற்றிய புல் பட்டைக்குப் போகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற உறவினர், “உங்க ஊர்ல வெயிலே இல்லையே” என்கிறார். ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். சூளகிரி தாண்டி இறங்கி அங்கே போய்ச் சேர்வதற்குள் நானூறு மீட்டர் சொச்சம் கீழே போய்விடுகிறோம். அவர் வீட்டுப் புல் மார்கழியிலும் வளர்கிறது. ஒரே மாவட்டம் என்று பேருக்குத்தான், 2004ல் பிரித்தபோது கோட்டைப் போட்டவர்கள் புல்லைக் கேட்கவில்லை.

வைகாசி

மாங்காய் மழை இரண்டு பெய்துவிட்டது. மேற்கே இடி. இப்போதுதான் நம்முடைய வசந்தம். வருடத்தின் வேலை முழுவதும் இந்த மாதத்தில் கிடக்கிறது.

முதலில் இறுகிய இடங்களில் முள்கரண்டியால் குத்தி ஆட்டிவிடுவது, நான்கு விரல் ஆழத்துக்கு. பிறகு மண் போடுவது: சலித்த செம்மண், ஆற்று மணல் கிடைக்காததால் எம்சாண்ட் கொஞ்சம், நன்றாக மக்கிய தொழு உரம். மக்காத எருவில் களைவிதையும் வண்டின் முட்டையும் சேர்ந்து வரும். அரை அங்குலத்துக்கு மேல் போட்டால் புல் மூச்சடைக்கும். பலகையால் தேய்த்துப் பள்ளங்களை நிரப்பினால் போதும், கிரிக்கெட் பிட்சு செய்ய நாம் இங்கே வரவில்லை. செத்த இடங்களுக்கு விதை வேண்டியதில்லை. ஓரத்தில் ஓடியிருக்கும் அருகின் கொடியை மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் ஆடிக்குள் மூடிக்கொள்ளும். உரம் இப்போது போடலாம், மழைக்கு முந்தின மாலையில், கைநிறைய அள்ளாமல்.

முதல் மழை நின்ற அந்திகளில் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து எழும்பி வேம்பை மொய்க்கும், வாசல் விளக்கில் வந்து மோதும். அவை இடுகிற முட்டையிலிருந்து வருகிற வெள்ளைப் புழுதான் ஆவணி, புரட்டாசியில் வேரைத் தின்னும். வளர்ந்த புல் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, இழுத்தால் பாய்போல் சுருண்டு கையோடு வரும். மருந்து தேடுவதைவிட இப்போது விளக்கடியில் ஒரு தொட்டித் தண்ணீர் வைப்பது நல்லது. மைனாக்கள் காலையில் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மைனா நிறைய இறங்குகிற புல்வெளியில் புழு இருக்கிறது என்று அர்த்தம், அதையும் கவனிக்கலாம்.

கோரையைப் பற்றி ஒரு வரி. பிடுங்காதே, தோண்டு. பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கிவிடும். ஒன்று போன இடத்தில் நான்கு வரும்.

ஆடி

தேன்கனிக்கோட்டைச் சாலையோரம் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அருகு எதிரி. கோடை உழவு ஓட்டிக் கொடியை வெயிலில் காயப்போட்டு, கலப்பையில் சிக்கியதைப் பொறுக்கி வரப்பில் குவித்துக் கொளுத்துகிறார்கள். அதே கொடியை நான் இந்த வருடம் ஒவ்வொரு கணுவாக எண்ணி நட்டேன். சாலைக்கு இந்தப்பக்கம் காசு கொடுத்து வளர்ப்பதை அந்தப்பக்கம் திட்டித் தீர்க்கிறார்கள். பெரியவர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறவர், அவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கூலி இரண்டிலும் உண்டு.

இந்த ஊரில் புல்லுக்குப் பழைய மரியாதை ஒன்று இருந்தது. மத்திகிரியில் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவம் 1824ல் குதிரைப் பண்ணை போட்டது, தன் படைக்குக் குதிரை வளர்க்க. இன்றைக்கு மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இருக்கும் அந்த இடம் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். இவ்வளவு நிலத்தை ஒதுக்கக் காரணம் மிதமான பருவமும் மேய்ச்சலும்தான். குதிரையும் மாடும் மேய்வதற்காகப் புல் வளர்த்தபோது அதை யாரும் மட்டமாகச் சீவவில்லை. கொழுக்கட்டைப் புல் பூத்து நிற்கும், விதை விழும், மழைக்கு மறுபடி வரும். வெட்டுவது தின்பதற்கு. நாம் வெட்டுவது பார்ப்பதற்கு. புல்லுக்கு என்ன வித்தியாசம் என்றால், பூக்க விடுவதில்லை. வீட்டு அருகு வருடக் கணக்காகப் பூவே காணாமல் வளர்கிறது. போன வாரம் மழையால் வெட்டாமல் விட்டதில் நான்கைந்து கதிர் விரல் விரித்தாற்போல் எழும்பியிருந்தது. இரண்டு நாள் விட்டுவைத்தேன்.

ஆவணி

சதுர்த்திக்கு முந்தின நாள் காந்தி ரோட்டில் எருக்கம் மாலையும் அருகுக் கட்டுகளும். ஏரிக்கரையிலும் வரப்பிலும் பறித்தது. நம் வீட்டுப் புல் பூஜைக்கு உதவாது, கணு நீளாத ரகம், விரலில் நிற்காது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, “உங்ககிட்ட இவ்ளோ புல்லு இருக்கே, ஒரு பிடி குடுங்கண்ணா” என்று கேட்டுவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். வேலியோரம் மிஷின் எட்டாத இடத்தில் ஒரு கொத்து இருந்தது. அதைப் பறித்துக்கொண்டு போனார்.

புரட்டாசி

இங்கே மழை அதிகம் பெய்கிற மாதங்கள் இதுவும் ஐப்பசியும். வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், ஆனால் நனைந்த புல்லை வெட்டினால் கிழியும். காய்ந்த மதியம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் ஒரு கடைசி உரம்: தழைச்சத்துக் குறைவாக, சாம்பல்சத்து கொஞ்சம் கூடுதலாக. குளிருக்குத் தண்டு தடிக்க அது உதவும். ஐப்பசியில் வெட்டும் உயரத்தை அரை அங்குலம் ஏற்றிவிட்டால் மார்கழியில் மண் மூடியிருக்கும்.

மாமரத்தடியில் இந்த வருடமும் புல் வரவில்லை. வெயில் நான்கு மணி நேரம்கூட விழாத இடத்தில் அருகு நிற்காது, எருமைப்புல்லும் அங்கே மெலிந்துதான் கிடக்கிறது. அந்த மூலையைப் பெரியவரிடம் காட்டினேன். மரத்தைக் கழிக்கலாமா என்று கேட்டேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “எதுக்கு சார், காய்க்குற மரம். கீழ கல்லப் போட்டு உக்காருங்க.” கிருஷ்ணகிரிப் பக்கம் கடப்பைக் கல் வாங்கலாமா, இங்கேயே உடைந்த கிரானைட் துண்டு கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்தோம். கிரானைட் மலிவு, மழையில் வழுக்கும் என்றார். கடப்பைக்குச் சொல்லியிருக்கிறது.